மீட்டிங் நேரத்தில் மட்டும் நெட் ஏன் இழுக்கிறது?

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கோவை, குன்னூர் கிளைகளோடு தினமும் வீடியோ மீட்டிங். மதியம் ஆனால் இன்டர்நெட் இழுக்கிறது. மீட்டிங்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீலகிரியில் நெட் மெதுவானால் முதல் பழி மழைக்கும் மூட்டத்துக்கும்தான் போகும், முதலில் மீட்டிங்கைப் பார்ப்போம். உங்கள் வீடியோ மீட்டிங் சிஸ்டத்தின் அட்மின் பக்கத்தில் கால் டீட்டெயில் ரெக்கார்டு, சுருக்கமாக சிடிஆர், இருக்கிறதா என்று தேடுங்கள். போன் பில் போடுவதற்காக வந்த சமாச்சாரம் இது, யார் யாரோடு எப்போது ஆரம்பித்து எப்போது முடித்தார்கள் என்பது இருக்கும், பல சிஸ்டங்களில் எத்தனை கேபிபிஎஸ் (டேட்டா போகும் வேகம்) ஓடியது, எத்தனை பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) வழியில் தொலைந்தது என்பதும் சேர்ந்தே இருக்கும். பேசியது என்ன என்பது இருக்காது, அதனால் மேனேஜர் பயப்பட வேண்டாம்.

எல்லோரும் மொத்த நிமிடங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது பிரயோஜனமில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கால் ஓடியது என்பதுதான் முக்கியம்; ஆரம்ப, முடிவு நேரங்களை எக்செலில் போட்டால் தெரிந்துவிடும். தலா 2 எம்பிபிஎஸ்ஸில் (1 எம்பிபிஎஸ் என்பது 1000 கேபிபிஎஸ்) 5 கால் என்றால் மேலே அனுப்ப மட்டும் 10 எம்பிபிஎஸ், அப்லோடு அதற்குக் குறைவான லைன் திணறத்தான் செய்யும்.

ஒரே ஒரு கால் ஓடும்போதும் பாக்கெட் தொலைகிறதா? லைனையோ ஆபீஸ் வைஃபையையோ சந்தேகப்படுங்கள். மற்றபடி நெட்டைத் தின்னும் பேக்கப், அப்டேட் எதுவும் சிடிஆரில் வராது, எந்த நேரத்தில் லைனில் எவ்வளவு டேட்டா ஓடியது என்று காட்டும் ரவுட்டர் கிராஃபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.