குருதியில் ஒரே ஹார்மோன், திசுக்களில் வெவ்வேறு விளைவு

கேள்வி: ‘பெண் ஹார்மோன்’ எனப்படும் ஈஸ்ட்ரோஜன் குருதியில் கலந்து உடல் முழுவதும் சுற்றி வருகிறது. அப்படியிருக்க, அது கருப்பையை மட்டும் பெரிதாக வளரச் செய்து, அருகிலுள்ள தசையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுவது ஏன்?
– உயிரியல் ஆசிரியை ஒருவர்

பதில்: இதே கேள்விதான் 1950களின் பிற்பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எல்வுட் ஜென்சனை ஓர் அருமையான சோதனைக்கு இட்டுச் சென்றது. ஈஸ்ட்ரோஜன்களுள் வீரியம் மிக்க எஸ்ட்ராடயோலில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, பருவமடையாத பெண் எலிகளின் உடலில் செலுத்தி, அது எங்கெங்கே போய்த் தங்குகிறது என்று அவர் அளந்து பார்த்தார். தசையில் அது குருதியோடு வந்து குருதியோடே வடிந்துவிட்டது. கருப்பையிலும் யோனியிலுமோ பல மணி நேரம் தங்கியிருந்தது. நொதிகளின் வேதிவினைகளில் பங்கெடுத்தே ஈஸ்ட்ரோஜன் செயல்படுகிறது என்று அப்போது பலரும் நம்பியிருந்த நிலையில், கருப்பையில் தங்கிய ஹார்மோன் எவ்வித வேதிமாற்றமும் அடையவில்லை என்பதே அச்சோதனையின் முக்கியமான முடிவு. அதை இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் அத்திசுக்களில் இருந்தது. அதையே ஏற்பி என்கிறோம்.

ஹார்மோன் வந்து பொருந்தியதும் இந்த ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றி, மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்கின்றன. ஈஸ்ட்ரோஜனுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை உட்கரு ஏற்பிகள் உண்டு. கருப்பையிலும் பால் சுரப்பியிலும் ஆல்ஃபாவின் கையே ஓங்கியிருக்கிறது. சூலகத்தில் முட்டையைச் சூழ்ந்து வளரும் செல்களில் பீட்டா மிகுதி. இந்தப் பீட்டா ஏற்பி 1996இல் முதன்முதலாக அறியப்பட்டது ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்துதான் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ‘பெண் ஹார்மோன்’ என்ற பெயர் எவ்வளவு குறுகியது என்பது அவர்களுக்கு விளங்கும். எலும்பு, மூளை, குருதிக்குழாய்ச் சுவர் ஆகியவற்றிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ளன.

கேள்வி: ஒரு திசுவில் உள்ள ஏற்பிகளின் அளவு வாழ்நாள் முழுவதும் மாறாமல் இருக்குமா? பசு சினையானதை அதன் உடல் அறிந்துகொள்வதில் ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு என்று படித்தேன்.
– கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்

பதில்: நாளுக்கு நாள் மாறும். என் பார்வையில், இந்தத் துறையின் அழகே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையில் தன் ஏற்பிகளோடு, சினையை நிலைநிறுத்தும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் ஏற்பிகளையும் பெருக்குகிறது. ஆகவே முதலில் ஈஸ்ட்ரோஜன் பக்குவப்படுத்தாத கருப்பை, பின்னால் வரும் புரோஜெஸ்டிரோனுக்குச் சரியாக மறுமொழி தருவதில்லை. புரோஜெஸ்டிரோனோ ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளையும் குறைக்கிறது, நாளடைவில் தன் ஏற்பிகளையும் குறைத்துக்கொள்கிறது.

ஏறத்தாழ 21 நாள் சுழற்சி கொண்ட பசுவிலும் 17 நாள் சுழற்சி கொண்ட செம்மறியாட்டிலும் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. பல நாள்கள் அதன் ஆதிக்கத்தில் இருந்தபின், கருப்பையின் உட்படலம் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளை இழக்கிறது. தடை நீங்கியதும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் தலைதூக்கி, அவற்றின் தொடர்ச்சியாக ஆக்சிடோசின் என்னும் இன்னொரு ஹார்மோனுக்கான ஏற்பிகளும் பெருகுகின்றன. அதன்பின் ஆக்சிடோசின் வந்து பொருந்தும்போதெல்லாம் உட்படலம் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளை அலையலையாக வெளியிடுகிறது. அது கருப்பையின் சிரையிலிருந்து, அதனோடு பின்னிச் செல்லும் சூலகத் தமனிக்கு நேராகக் கடந்து, அதே பக்கத்துச் சூலகத்திலுள்ள மஞ்சள் உடலத்தை அழிக்கிறது. மீண்டும் சினைப்பருவம் தொடங்குகிறது.

கரு உள்ளே இருந்தால், நீண்டு வளரும் அதன் வெளிப்படலம் இன்டர்ஃபெரான் டௌ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. உட்படலத்தில் ஈஸ்ட்ரோஜன், ஆக்சிடோசின் ஏற்பிகள் பெருகாமல் அது தடுத்துவிடுவதால் மஞ்சள் உடலம் பிழைக்கிறது, புரோஜெஸ்டிரோன் தொடர்கிறது, சினை நிலைக்கிறது. கருப்பையில் இன்னும் ஒட்டி ஊன்றாத கரு, தாயின் ஏற்பிகளை அடக்கி வைத்துத் தன் இருப்பை அறிவிக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. ஆனால் இதை எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொருத்திவிடாதீர்கள்: மனிதரில் இதே வேலையை, மஞ்சள் உடலத்தில் எல்.எச். என்னும் பிட்யூட்டரி ஹார்மோனுக்கான ஏற்பியில் பொருந்தி நேரடியாக அதைத் தாங்கிப் பிடிக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் செய்கிறது.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு என் அம்மா டமாக்சிஃபென் எடுத்துக்கொள்கிறார். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து கருப்பையின் உட்படலத்தை வளரச் செய்யக்கூடும் என்கிறார்களே, இது முரண்பாடு அல்லவா?
– வாசகி ஒருவர்

பதில்: முரண்பாடு இல்லை. டமாக்சிஃபென் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்று மாறுகிறது. அந்த வடிவத்தோடு எந்தத் துணைப் புரதங்கள் சேரும் என்பது திசுவுக்குத் திசு வேறுபடுகிறது. ஆகவே அம்மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்குத் தடையாகவும், கருப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போலவும் செயல்படுகிறது. மாதவிடாய் நின்றபின் அதை எடுத்துக்கொள்பவருக்கு உதிரப்போக்கு ஏற்பட்டால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவும் கூடாது.