செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் மட்டும்தானா?

ஆசிரியர் தினம் போக, செப்டம்பர் 5-க்குத் திருநெல்வேலிப் பக்கம் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888-இல். அதற்கு 16 வருஷம் முன்பே, 1872-இல், அதே தேதியில் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. இன்று தூத்துக்குடி மாவட்டம். அன்று திருநெல்வேலி ஜில்லாதான்.

வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்டார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். அதற்கான விலை கொஞ்சமா? கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை, வக்கீலுக்குப் படித்த அந்த மனிதரை வெயிலில் இழுக்க வைத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு பதறுகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 1908 மார்ச் 13-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கைதானதும் திருநெல்வேலியே கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போனது.