சித்திரையில் அடித்த சூறைக்காற்றுக்குப் பெயர் உண்டா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் வாழை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “சாயங்காலம் அடிச்ச காத்துல, தார் முக்கால் திரண்டு நின்ன கதலி 400 மரத்துக்கு மேல ஒடிஞ்சு போச்சுங்க. இருபது நிமிசந்தான். மனுவுல புயல் பேரு எழுதோணும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றார். டிவியில எந்தப் பேரும் சொல்லலை. எங்க சின்னப் பொண்ணும் ‘அந்தப் புயலுக்குப் பேரு என்னங்கப்பா’ன்னு கேட்டுட்டே இருக்கறா. பேரு எங்க போய்த் தேடறதுங்க?”

தேட வேண்டாம். உங்கள் தோட்டத்தைச் சாய்த்த காற்றுக்குப் பெயர் கிடையாது. பெயர் எழுதாததால் மனு செல்லாது என்றும் பயப்படாதீர்கள்.

பெயர் வைப்பது கடலில் பிறக்கும் புயலுக்கு மட்டும்தான். வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, தாழ்வு மண்டலமாகி, பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகும். அதுவரைக்கும் பெயர் இல்லை. சுழலும் காற்றின் நிலையான வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது ‘புயல்’. அப்போதுதான் டெல்லியில் இருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரை எடுத்துச் சூட்டும். இப்படிப் பிறக்கும் புயல் பல நாள் உயிரோடு இருக்கும். ஒரே சமயத்தில் இரண்டு புயல்கூடக் கடலில் சுற்றலாம். எதைப் பற்றி எச்சரிக்கிறார்கள் என்று மீனவர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் குழப்பம் வரக்கூடாது என்றுதான் பெயர்.

உங்களுடையது வேறு வகை. பங்குனி, சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்து சூடேறியிருக்கும். மதியத்துக்கு மேல் ஈரக்காற்று மேலே ஏறி இடிமேகமாகத் திரளும். மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துப்போகும். கனத்த காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் சிதறி ஓடும். மழைக்கு முன்னால் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்குமே, அதுதான் அது. அன்று மதியம் பிறந்த மேகம் ராத்திரிக்குள் கரைந்துவிடும். பெயர் வைக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

இந்தக் காற்றுக்கு அகலம் குறைவு. சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். வரப்புக்கு இந்தப் பக்கம் நேந்திரன் எல்லாம் இடுப்பளவில் ஒடிந்து, பால் வடிந்து, தாரோடு தலைகுப்புறக் கிடந்தன. அந்தப் பக்கம் இலைகூடச் சரியாகக் கிழியவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, “எங்காட்டுக்கு மட்டும் வந்துச்சாட்டம் இருக்குதுங்க” என்றார். அவர் சொன்னது நிஜம்.

சரி, பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அமெரிக்கப் பக்கம் ஹரிக்கேன் என்கிறார்கள், ஜப்பான் பக்கம் டைபூன் என்கிறார்கள். கடல்தான் வேறு, நம் புயலோடு சேர்த்து மூன்றும் ஒன்றே. அட்லாண்டிக்கில் 1953 முதல் பெண் பெயர்களும், 1979 முதல் ஆண் பெயர்களும் சேர்த்து வைக்கிறார்கள். ஆறு பட்டியல்கள் சுழற்சியில் திரும்பி வரும். கத்ரீனா மாதிரி பேரழிவு செய்ததை மட்டும் நீக்கிவிடுவார்கள். நம் பக்கம் 2004இல்தான் பெயர் வைக்கும் வழக்கம் வந்தது. 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பெயர் இல்லாதது அதனால்தான். இப்போது 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 2020இல் வெளியான 169 பெயர்ப் பட்டியல் நடப்பில் இருக்கிறது. ‘கஜா’ இலங்கை கொடுத்தது, பழைய பட்டியல். ‘ஃபெஞ்சல்’ சவூதி அரேபியா கொடுத்தது. இங்கே ஒரு தடவை வைத்த பெயர் மறுபடி வராது. ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும், யார் மனதையும் புண்படுத்தக் கூடாது, ஆண் பெண் என்று இருக்கக் கூடாது. இந்தியா கொடுத்ததில் மூன்றாவது பெயர் ‘முரசு’. நம் தமிழ்ச்சொல் அங்கே இருப்பதைப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் கொங்கு நாட்டுக்காரர்கள் இன்னொன்றை மனதில் வைக்க வேண்டும். பெயர் கடல்மேல் அடிக்கும் காற்றின் வேகத்துக்கு வைப்பது, மழைக்கு இல்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை, பெயர் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தபோது ஃபெஞ்சல் கரையேறி வலுவிழந்துவிட்டது. “புயல் கரையைக் கடந்துருச்சு, இனிமேல் ஒண்ணுமில்லை” என்று மேற்கே இருக்கும் நாம் பேசிக்கொள்வது எனக்கு எப்போதும் பதைப்பாக இருக்கும். பெயர் வந்ததா, போனதா என்று பார்க்காதீர்கள். உங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சா, சிவப்பா என்று பாருங்கள். சித்திரைக் காற்றுக்கென்றால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் சொல்லும் ‘இடி மின்னலுடன் பலத்த காற்று’ அறிவிப்புதான் உதவும்.

மனுவுக்கு வருவோம். காற்று அடித்த தேதி, நேரம், கிராமம், சர்வே எண், மொத்த வாழை எத்தனை, ஒடிந்தது எத்தனை, தார் எந்தப் பருவம், இவ்வளவும் எழுதுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘இடி மழையுடன் சூறைக்காற்று’ என்று போதும். பேரிடர் நிவாரண விதிப்படி சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பதால் இரண்டு எண்ணிக்கையும் முக்கியம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று, தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் ஒன்று கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு இருந்தால், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட்டு, காற்றுச் சேதம் அதில் சேருமா என்று கேளுங்கள். முக்கியமாக, அலுவலர்கள் வந்து பார்க்கும்வரை ஒடிந்த மரத்தை வெட்டி ஒதுக்க வேண்டாம். அதற்குள் காய் கெட்டுவிடும் என்றால், வரப்பும் பக்கத்துத் தோட்டமும் தெரியும்படி நான்கு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்துவிட்டுத் தாரை மட்டும் அறுத்துக்கொள்ளுங்கள்.