வயதானவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்கள்?

"எங்கள் ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) 78 வயது. லீவுக்கு ஊருக்குப் போனாலே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். வயதானால் எல்லோரும் இப்படித்தான் ஆவார்களா? எப்படிச் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு 74 வயது. காரைக்குடிப் பக்கம், பூர்வீக வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். என் பேரப்பிள்ளைகளும் என்னைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் ஐயா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விஷயம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

வயதானால் குணம் கெட்டுவிடும் என்பது பொதுவாக உண்மையில்லை. ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் சொல்கின்றன: வயது ஏற ஏற மனிதர்கள் தணிகிறார்கள், கோபம் குறைகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பற்றியே பல காலமாக ஆராய்ந்து வருகிறார். முப்பது வயதில் கடுகடுவென்று இருந்தவர் எழுபதிலும் அப்படி இருக்கலாம், அது வேறு. நல்லபடியாக இருந்த மனிதர் இப்போது எரிந்து விழுகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடுங்கள்.

என் வீட்டிலேயே ஒரு உதாரணம். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி நாலு பக்கமும் ஓட்டுக் கூரை. இரண்டு சரிவு வந்து சேரும் மூலையைக் கூடல்வாய் என்போம். மழைத் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். அங்கே வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, கூரையைத் தாங்கும் கைமரம் ஊறும். பர்மாத் தேக்காகவே இருந்தாலும் வருஷா வருஷம் ஊறினால் உளுத்துத்தான் போகும். அந்த மாதிரி மரத்தை இன்றைக்கு எங்கே வாங்கி மாற்றுவது? அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஆளை ஏற்றிச் சருகை வாரி, உடைந்த ஓட்டை மாற்றிவிட வேண்டும். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது என்பதால் செலவையும் பங்கு போட வேண்டும்.

போன வருஷம் ஆவணியிலேயே மகனிடம் போனில் சொன்னேன். "சரி அப்பச்சி, பாத்துக்கலாம்" என்றான். அப்புறம் பங்காளிகளிடம் சொன்னேன். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டேன். கட்டைவிரல் குறி வந்தது, பணம் வரவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தபோது தெற்கே வானம் கறுத்தது. அப்போதுதான் சத்தம் போட்டேன். பேரன், "ஐயாவுக்கு எப்பப் பாத்தாலும் ஓட்டுக் கவலைதான்" என்றான். அதற்கு முன்னால் தணிந்த குரலில் சொன்னதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவன் காதில் விழுந்தது கடைசித் தடவை சொன்னது மட்டும்.

உங்கள் ஐயாவின் எரிச்சலிலும் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் யோசனையாகச் சொல்லியிருப்பார், அப்புறம் நினைவூட்டியிருப்பார், அதற்கும் பதில் இல்லாதபோதுதான் குரல் ஏறுகிறது. லீவுக்கு வருகிறவர்கள் அந்த ஏறிய குரலோடுதான் அவரைச் சந்திக்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவாதே என்று அவர் கத்தினால், அது சுட்ட ஓடு இல்லை, கண்ணாடி மேல் வார்த்து எடுத்த சிமெண்டுக் கல், ஆசிட் பட்டால் மேல் பளபளப்பே போய்விடும் என்று தெரிந்துதான் கத்துகிறார். என்ன சொல்கிறார் என்று பாருங்கள், எப்படிச் சொல்கிறார் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது காது. இதை நான் அழுத்திச் சொல்வேன். வயதில் வரும் செவிட்டுத்தன்மையில் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி குறைவதில்லை. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன வார்த்தை என்று பிடிபடாது. குழந்தைகள் பேச்சும் பெண்கள் பேச்சும் இன்னும் சிரமம். எங்கள் ஊர் வீடுகளில் உயர்ந்த கூரை, கல் தரை, மொழுமொழுவென்ற சுவர். பட்டாலை என்கிற கூடத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எல்லாம் எதிரொலித்து ஒன்றாகக் குழம்பிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. சின்னச் சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் தாங்க முடியாமல் இருக்கும். "என்ன சொன்னே?" என்று கேட்டவரே அடுத்த நிமிஷம் "ஏன் கத்துறே?" என்பது இதனால்தான். அது வீம்பு இல்லை, காதின் கோளாறு. கிட்டே போய் முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், நிதானமாகப் பேசிப் பாருங்கள்.

மூன்றாவது விஷயம் எங்கள் வழக்கத்தோடு சேர்ந்தது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச காலத்தில் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடு, ஒரே வளவு. ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி. அப்படி இருபத்து சொச்சம் வயதிலிருந்து தன் அடுப்பு, தன் வரவு செலவு என்று வாழ்ந்த ஒருவரை எண்பதை நெருங்கும்போது சென்னை அடுக்குமாடிக்குக் கூட்டிப்போய் வைக்கிறோம். காப்பி வேண்டுமென்றால் கேட்க வேண்டும். பாங்குக் கணக்கு மகனின் போனில் இருக்கும். என் பங்காளி ஒருவர் அப்படிப் போனார். சாப்பாட்டுக் குறை, ஃபேன் குறை, பக்கத்து வீட்டுக் குறை என்று வீட்டில் தினமும் சண்டை. மறுபடி தேவகோட்டைக்கு வந்து தனியாகச் சமைத்து, நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு பழைய மனுஷனாகிவிட்டார். அவர் கேட்டது வசதியை இல்லை, தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை. "விடுங்க ஐயா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அன்பாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை எங்களை மிகவும் சுடும்.

சாந்தமாக இருந்தவர் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் திடீரென்று மாறினால் மட்டும் காத்திருக்காதீர்கள். மூத்திரத்தில் கிருமித் தொற்று, உடம்பில் உப்பு குறைவது, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே முதியவர்களிடம் முதலில் எரிச்சலாகவோ குழப்பமாகவோ வெளிப்படலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பாட்டுக்கு முன் வியர்த்துக்கொண்டு சீறினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. வீட்டில் வேலை செய்பவர்களையும் மருமகளையும் வாய்க்கு வந்தபடி பேசுவதை வயது நியாயப்படுத்தாது. உங்கள் ஐயா அப்படிப் பேசினால் பேரன் நீங்களே தனியாக உட்கார்ந்து சொல்லலாம். பேரன் சொன்னால் கேட்போம்.

இந்த முறை ஊருக்குப் போனதும், வீட்டில் செய்ய வேண்டிய வேலை என்னென்ன என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையாவது நீங்கள் இருக்கும்போதே முடியுங்கள், அவர் சொல்கிறபடி. அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காது சோதனை செய்யுங்கள். கருவி தேவை என்றால் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஆரம்பத்தில் பாத்திரச் சத்தமும் ஃபேன் சத்தமும் அவருக்குத் தொந்தரவாக இருக்கும், கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம், ஒரு ஆளோடு மட்டும் பேசிப் பழகட்டும். சத்தம் கூடக் குறைய இருந்தால் வாங்கிய இடத்துக்கே மறுபடி கூட்டிப்போய்ச் சரிசெய்து வாங்குங்கள்.