பெஞ்சிலேயே காலம் போன கூடைப்பந்து ஆட்டக்காரர் நல்ல பயிற்றுநர் ஆக முடியுமா?

உங்கள் தம்பிக்கு 29 வயது, நான்கு கிளப் மாறிவிட்டார், எங்கேயும் நிரந்தர இடம் கிடைக்கவில்லை, இப்போது பயிற்றுநர் வகுப்பில் சேரப் போகிறேன் என்கிறார், அப்பாவோ "தானே ஆடாதவன் யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பான்" என்று கேட்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினொரு வருடம் ஆடினேன், ஆறு கிளப். அதில் ஒரு வருடம் பினாங்கு, மற்றதெல்லாம் கோலாலம்பூர். ஒப்பந்தம் என்று பெயர்தான், போட்டி முடிந்ததும் "அப்புறம் கூப்பிடுகிறோம்" என்பார்கள், சேமநிதி கிடையாது. பெரும்பாலும் அணியில் நான் ஒருவன்தான் தமிழன். டைம் அவுட்டில் பேச்செல்லாம் மாண்டரினில் ஓடும், முதல் வருடம் பாதி புரியாது. காதால் முடியாததைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு, அதை டவலுக்கு அடியில் வைத்துக்கொண்டு எதிரணியில் யார் எந்தப் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார், யாருக்கு எத்தனை ஃபவுல் என்று எழுதுவேன். மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்தில் ஒரு ஆட்டம், எதிரணியின் சென்டருக்கு, அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவருக்கு, நான்கு ஃபவுல் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று வாங்கினால் வெளியே. அவர் மேலேயே ஏறி ஆடலாம் என்று எழுந்து போய்ச் சொன்னேன். "உன் இடத்தில் உட்கார்" என்றார் பயிற்றுநர். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

பெரிய ஆட்டக்காரர்களால் பயிற்சி கொடுக்க முடியாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆடிய காலத்திலேயே பெரிய நட்சத்திரமான லாரி பேர்ட் 1998இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் சிறந்த பயிற்றுநர் விருதே வாங்கியவர். ஆனால் அதே லீக்கில் ஆடிய டைரன் லூவையும் பாருங்கள். 11 சீசனில் 7 அணி. 2001 இறுதித் தொடரில் அவர் கீழே விழுந்து கிடக்க எதிரணி நட்சத்திரம் ஆலன் ஐவர்சன் அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போனதைத்தான் பல வருடம் போட்டுக் காட்டினார்கள். அதே லூ 2016இல் பயிற்றுநராக இருந்து, இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கிய கிளீவ்லாந்து அணியை சாம்பியன் ஆக்கினார். அன்று எதிரணிப் பயிற்றுநர் ஸ்டீவ் கெர், அவரும் ஆடிய காலத்தில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கியவர்தான். கெவின் ஆலி பத்து நாள் ஒப்பந்தங்களில்கூட ஆடி அணி அணியாக அலைந்தவர், 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். நான்கு கிளப் மாறியவர் நான்கு பயிற்றுநர்களின் ஆட்டமுறையை உள்ளே இருந்து பார்த்தவர், இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

தம்பி வகுப்பில் சேரட்டும். மலேசியாவின் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு, விளையாட்டு அறிவியல் பாடமும் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இப்போது பயிற்சி கொடுக்கும் பள்ளியில் மதியமெல்லாம் கோர்ட்டில் கார்கள் நிற்கின்றன. மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஐந்தரைக்குக் கார்கள் போன பிறகுதான் ஆரம்பிக்க முடிகிறது, ஏழே காலுக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு பையன் எண்ணெயில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. பிள்ளைகளின் ஆடுகளம் அது, காருக்கு வேறு இடமா இல்லை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அணியில் பெஞ்சில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 555 நோட்டு கொடுத்திருக்கிறேன். போன மாதம் 15 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் கடைசி குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது பெஞ்சில் இருந்த ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், ஒன்பதாம் நம்பர் இடது பக்கம் போகவே மாட்டேங்கிறான்." டைம் அவுட் கேட்டேன். எல்லாரும் சுற்றி நிற்க, "நீயே சொல்லுப்பா" என்றேன். நோட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது, ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தான். வலது பக்கத்தை அடைத்தோம். அதற்கப்புறம் ஒன்பதாம் நம்பர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.