பார்க்கின்சன் பெருகுகிறதா? முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஆறு மாதமாக இரண்டு கைகளும் நடுங்குகின்றன. நடை தளர்ந்துவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை. பக்கத்து ஊர் டாக்டர் பார்க்கின்சன் என்கிறார். தலைசுற்றலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி வேறு நோய் இல்லை. 5,000 பேர் இருக்கும் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு இதே நோய். சின்ன வயதில் இப்படியொரு பெயரைக் கேட்டதே இல்லை. இந்த நோய் கூடிக்கொண்டே போகிறதா? முப்பது வருடம் வயலுக்கு மருந்தடித்ததுதான் காரணமா? எனக்கும் வருமா?
வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பேசியாக வேண்டும். தலைசுற்றலுக்கும் உப்புசத்துக்கும் ஒரு வருட மாத்திரை. இன்றைக்கே அந்த அட்டைகளைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். சின்னரிசின், ஃபுளுனரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோப்ரமைடு, லெவோசல்பிரைடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்பாவின் நடுக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். லெவோசல்பிரைடு பெரும்பாலும் தனியாக வராது. ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் சொல்லும் ரேபிப்ரசோல், பேன்டோபிரசோல் கேப்சூல்களுக்குள் 75 மில்லிகிராம் சேர்ந்தே இருக்கும். அப்படியொரு மருந்தை விழுங்குகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது.

நம் உடல் தடையில்லாமல் அசைய டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். நடுமூளையில் கருநிறத் திட்டாகத் தெரியும் செல்கள் அதைச் சுரக்கின்றன. பார்க்கின்சனில் அந்தச் செல்களே அழிந்துபோகின்றன. மேலே சொன்ன மருந்துகளால் வரும் நடுக்கத்தில் செல்கள் நன்றாகத்தான் இருக்கும். டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தில் மருந்து உட்கார்ந்துகொள்வதால் வேலை நடப்பதில்லை. இறுக்கம், மந்தம், சிரிப்பற்ற முகம், நடுக்கம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வேறுபாடு உதவும். பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் தொடங்கி, பிறகே மறுபக்கம் போகும், முதலில் பிடித்த பக்கமே கடைசிவரை மோசமாக இருக்கும். மருந்தால் வருவது பல நேரம் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் வரும். அப்பாவுக்கு இரண்டு கையும் நடுங்குகிறது என்று நீங்கள் எழுதியதால்தான் இதை முதலில் வைத்தேன்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் நிறுத்தச் சொன்னால், அடுத்த வாரமே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு ஆறு மாதத்துக்கும் மேல் ஆகும். சிலருக்கு நடுக்கம் குறைந்துவிட்டு, ஓரிரு வருடத்தில் திரும்பவும் வரும். அவர்களுக்கு நோய் ஏற்கெனவே உள்ளே தொடங்கியிருந்தது, மருந்து அதை முன்கூட்டியே வெளியே காட்டிவிட்டது என்று பொருள்.

இனி, நோய் கூடுகிறதா? நோயாளிகளின் எண்ணிக்கை கூடுகிறது, அதில் சந்தேகமே இல்லை. உலகில் 1990-ல் சுமார் 25 லட்சம் பேருக்கு இருந்த பார்க்கின்சன், 2016-ல் 61 லட்சம் பேருக்கு இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2050-ல் 2.5 கோடியைத் தாண்டும் என்று 2025-ல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் 2050 வரையிலான உயர்வில் மிகப் பெரிய பங்கு மக்களுக்கு வயதாவதால் வருவது என்று அதே மதிப்பீடு கூறுகிறது. அடுத்து மக்கள்தொகைப் பெருக்கம். ஒரே வயதுக்காரர்களிடையே நோய் கூடுவதால் வரும் பங்கு மிகச் சிறியது.

இது வயதோடு ஒட்டிய நோய். 50-க்குக் கீழே அரிது, 60-க்கு மேல் நூற்றில் ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, 80-ஐ நெருங்கும்போது இன்னும் அதிகம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது, இப்போது 70-ஐ ஒட்டி இருக்கிறது. நோய் வரும் வயதை எட்டுகிறவர்களே அன்று குறைவு. எட்டியவர்களுக்கு வந்தாலும் ‘வயசாயிடுச்சு, கை ஆடுது’ என்று திண்ணையோடு முடிந்துபோனது. நீங்கள் பெயரைக் கேள்விப்படாததற்குப் பாதிக் காரணம் அதுதான். நோய் புதிதல்ல. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-லேயே இதை எழுதிவிட்டார், நம் வைத்திய மரபும் கம்பவாதம், நடுக்குவாதம் என்று இதுபோன்ற நிலையைச் சொல்லியிருக்கிறது.

வயதின் கணக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 1990-க்கும் 2016-க்கும் இடையே நோயுள்ளவர்களின் விகிதம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. முழுவதையும் வயதின் தலையில் போட முடியாது. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்தால் நோயாளிகள் அதிக காலம் வாழ்வதும், நரம்பியல் மருத்துவர்கள் பெருகியதால் கண்டுபிடிப்பது கூடியதும் இதில் அடங்கும். புதிதாக நோய் பிடிப்போர் எண்ணிக்கை கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் 1976 முதல் 2005 வரை ஆண்களிடம் கூடியது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1990-க்கும் 2010-க்கும் இடையே குறைந்தது. ‘தொற்றுபோலப் பரவுகிறது’ என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் அவருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் மூன்று பேர் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூரு வட்டாரக் கணக்கெடுப்பில் எல்லா வயதினரையும் சேர்த்து லட்சத்துக்கு சுமார் 33 பேர். அந்தக் கணக்கில் 5,000 பேருக்கு ஒருவரோ இருவரோ. மும்பைப் பார்சிகளிடம் லட்சத்துக்கு 328. அவர்களிடம் முதியோர் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். தமிழ்நாட்டு ஊர்களிலும் முதியோர் கூடிக்கொண்டே வருகிறார்கள். 5,000 பேரில் 60-ஐத் தாண்டியவர்கள் 650 பேர் இருந்து, அவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்றால் ஆறேழு பேர். இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவில் மூன்று என்பது வழக்கத்துக்கு மாறானது அல்ல.

பூச்சிமருந்து விஷயத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல என்னால் முடியாது. 1982-ல் கலிஃபோர்னியாவில் போதைக்காக ஒரு போலி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள், அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனத்தால் சில நாட்களிலேயே முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு ரசாயனம் அந்தக் கருந்திட்டுச் செல்களை மட்டும் தேடி அழிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எம்.பி.டி.பி. உடலுக்குள் போய் மாறும் வடிவமும், பாராகுவாட் களைக்கொல்லியும் அமைப்பில் நெருங்கியவை. 2011-ல் வெளிவந்த அமெரிக்க விவசாயிகள் பற்றிய ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் இரண்டரை மடங்கு காணப்பட்டது. பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் விற்க முடியாது. இலங்கை, அதைக் குடித்து மாண்டவர்கள் அதிகம் என்பதால், 2008-ல் தொடங்கிப் படிப்படியாக விலக்கியது. அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று ஒரு தனி மனிதரைக் காட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. ஆனால் இன்று வயலில் டேங்க்கைச் சுமப்பவர்களைக் காப்பாற்ற முடியும்.

மருந்து உடம்புக்குள் அதிகம் போவது மூக்கு வழியாக அல்ல, தோல் வழியாக. மூடி சரியில்லாத டேங்க் கசிந்து முதுகுச் சட்டை நனைந்தபடியே அரைநாள் வேலை செய்வதுதான் பெரிய ஆபத்து. அடைத்த நாசிலை வாயால் ஊதுவது, வெறுங்கையால் கலக்குவது, தெளித்த பயிருக்குள்ளேயே முன்னோக்கி நடப்பது எல்லாம் அடுத்து. கலக்கும்போது நைட்ரைல் ரப்பர் கையுறை போடுங்கள், கடையில் கிடைக்கும் மெல்லிய பாலித்தீன் உறை போதாது. காற்று முதுகில் படும்படி நின்று அடியுங்கள். சட்டை நனைந்தால் அங்கேயே கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

அப்பாவை அழைத்துப் போகும் முன் கைபேசியில் மூன்று வீடியோ எடுத்து வையுங்கள். மடியில் கைவைத்து ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது ஒன்று. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பத்து நொடி தட்டுவது ஒன்று. பத்தடி நடந்து திரும்பி வருவது ஒன்று. ஒரு தாளில் ஒரே வாக்கியத்தை ஐந்து முறை எழுதச் சொல்லுங்கள், வரி போகப் போக எழுத்து சிறுத்தால் அது முக்கியமான தடயம். கை சும்மா இருக்கும்போது நடுங்கி, டம்ளரைத் தூக்கும்போது அடங்கினால் பார்க்கின்சன் பக்கம். தூக்கும்போதுதான் நடுக்கம் என்றால் வேறு வகை நடுக்கமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. வாசனை தெரியாமல் போனது, பல வருட மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கைகாலை உதறுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடியவை. மருத்துவர் கையால் மடக்கி நீட்டிப் பார்ப்பதுதான் முதன்மையான பரிசோதனை. எம்.ஆர்.ஐ. வேறு காரணங்களை விலக்க மட்டுமே உதவும், பார்க்கின்சனில் அது சாதாரணமாகவே இருக்கும்.

பார்க்கின்சன்தான் என்று உறுதியானால் லெவோடோபா, கார்பிடோபா கலந்த மாத்திரை தருவார்கள். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன் அல்லது ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். பால், முட்டை, பருப்பு, கறியில் உள்ள புரதம் இந்த மருந்தோடு போட்டிபோட்டு அதை உள்ளே விடாது. தொடக்கத்தில் குமட்டினால் அரை இட்லி போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது. அளவு தெரியாமல் மாத்திரையோடு சேர்த்தால் கைகால் தாமாக நெளியும், ரத்த அழுத்தம் இறங்கும்.

உங்களைப் பற்றிக் கேட்டீர்கள். வாழ்நாளில் இந்த நோய் வருவது நூற்றில் ஓரிருவருக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் இரண்டு மூன்று மடங்கு கூடும், அப்போதும் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வராது. ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தாலோ, 40 வயதுக்கு முன் வந்தாலோதான் மரபணுப் பரிசோதனை பற்றி யோசிக்க வேண்டும்.

அப்பா எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். லெவோடோபா தொடங்கியிருந்தால் அதைத் திடீரென நிறுத்தக்கூடாது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போடக்கூடாது. இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி, அவருடைய மருந்துச் சீட்டின் முன்பக்கம் ஒட்டி வையுங்கள். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.