கம்ப்யூட்டர் ஆடுற உலகக் கோப்பை

கேள்வி: அண்ணே, நாங்க அஞ்சு பேர், கம்ப்யூட்டரே ரெண்டு பக்கமும் ஆடுற மாதிரி 10 டீம் ஒன்டே வேர்ல்டு கப் ஓட்டுறோம். நேத்து ஒரு டீம் 38 ஓவர்ல 180க்கு ஆல் அவுட். புள்ளி சமமானா யார் மேலன்னு பாக்குற நெட் ரன் ரேட்டுக்கு (ஓவருக்கு நாம எடுத்த ரன்னுல எதிர் டீம் எடுத்ததைக் கழிக்கிற கணக்கு) 38 போடணுமா, 50 போடணுமான்னு பெரிய சண்டை. வீட்ல வேற இதெல்லாம் ஒரு மேட்ச்சான்னு கேக்குறாங்க.
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: 50 தான் தம்பி. ஆல் அவுட் ஆனா முழு 50 ஓவரும் ஆடுனதாத்தான் கணக்கு, 180ஐ 50ஆல வகுத்தா 3.60, 38ஆல வகுத்தா 4.74, அந்த வித்தியாசத்துல செமி ஃபைனலே போயிரும். மேட்ச் மேட்ச்சா ரேட் போட்டு சராசரி எடுக்காதீங்க, மொத்த ரன்னு, மொத்த ஓவர்னு கூட்டி வகுக்கணும்.

டை ஆனா என்னன்னும் இப்பவே பேசி நோட்டுல எழுதிருங்க. 2019 வேர்ல்டு கப் ஃபைனல்ல மேட்ச்சும் டை, அதைத் தீர்க்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடுற சூப்பர் ஓவரும் டை, கடைசில பவுண்டரி எண்ணி 26க்கு 17னு இங்கிலாந்துக்குக் கப்பு போச்சு, நியூசிலாந்தை நெனச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. அப்புறம் அந்த விதியையே தூக்கிட்டாங்க.

மேட்ச்சான்னு கேட்டா மேட்ச்தான். லீக்கே 45 மேட்ச் வருது, ஒரே நாள்ல ஓட்டித் தள்ளாம சாயங்காலத்துக்கு ஒண்ணு, பந்து பந்தா ஓட்டுங்க. கடைசி ஓவர்ல 9 ரன் வேணும்ங்கறப்ப கையில எடுத்த தட்டுவடை செட்டு வாய்க்குப் போகாம கேரட் துருவல் மடியில உதிரும் பாருங்க, வீட்ல இருக்கறவங்களையும் அன்னைக்குப் பக்கத்துல உக்கார வைங்க.